ஒரு பெயர், நாலு ஆட்டம்

ஆஸ்திரேலிய நண்பர் ஒருவர், 'சனிக்கிழமை ஃபுட்டி பார்க்கப் போறோம், வர்றீங்களா?' என்று கூப்பிட்டால், சட்டென்று தலையாட்டிவிடாதீர்கள். எந்த ஊர்க்காரர் என்று விசாரியுங்கள்.

மெல்போர்ன்காரர் என்றால், நீள்வட்ட மைதானத்தில் அணிக்கு 18 பேர் ஆடும் ஆஸ்திரேலியன் ரூல்ஸ். சிட்னிக்காரர் என்றால், பெரும்பாலும் 13 பேரின் ரக்பி லீக். நியூசிலாந்துக்குப் போனால், அநேகமாக 15 பேரின் ரக்பி யூனியன். லண்டனில்? நமக்குத் தெரிந்த 11 பேர் கால்பந்து!

ஃபுட்பால் என்பதன் செல்லச் சுருக்கம்தான் ஃபுட்டி. அது எப்படி நாலு ஆட்டத்துக்கும் சொந்தமானது?

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டு ஃபுட்பால் ஆடினார்கள். ரக்பி என்ற ஊரின் பள்ளியில் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். அங்கே படித்துவிட்டு மெல்போர்ன் திரும்பிய கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ், குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஓர் ஆட்டம் வேண்டும் என்று 1858-ல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மறு வருடமே அவரும் நண்பர்களும் விதிகளை எழுதிவிட்டார்கள். ஃபுட்டி நம்பர் ஒன்!

லண்டன் விழித்துக்கொண்டது 1863-ல்தான். ஃபுட்பால் அசோசியேஷன் பிறந்தது. கூடவே பஞ்சாயத்தும். எதிராளியின் காலை உதைக்கலாமா? கூடாது என்றது பெரும்பான்மை. உதை இல்லாமல் என்ன ஆட்டம் என்று பிளாக்ஹீத் கிளப் வெளியேறியது. 1871-ல் ரக்பி யூனியன் உருவானபோது அதில் சேர்ந்துகொண்டது.

இதுவரை கால் சண்டை. அடுத்தது காசு சண்டை.

வட இங்கிலாந்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள். மேட்சுக்குப் போனால் கூலி போச்சு. சம்பளம்கூடக் கேட்கவில்லை, இழந்த கூலியைக் கொடுங்கள் என்றுதான் வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. காசுக்காக ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று 1893-ல் கையை விரித்தது யூனியன். வசதியானவர்களுக்கு கௌரவம் பேசுவது சுலபம். அடுப்பு எரிய வேண்டியவன் என்ன செய்வான்? 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, கிளப்புகள் பிரிந்துபோயின. பின்னாளில் ரக்பி லீக் ஆனது அதுதான்.

சிட்னியிலும் அதே கதை. 1907-ல் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாமல் தவித்த அலெக் பர்டன் என்ற வீரருக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த கோபம் பற்றிக்கொண்டது. 1908-ல் அங்கே லீக் போட்டிகள் தொடங்கிவிட்டன. சிட்னிக்காரர் 'ஃபுட்டி' என்று சொல்லும்போது, அதற்குள் ஒரு பழைய கூலி பாக்கியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கௌரவம் பேசிய யூனியன் என்ன ஆயிற்று என்கிறீர்களா? 1995 ஆகஸ்டில், ஆட்டக்காரர்கள் பணம் வாங்கலாம் என்று உலக ரக்பி யூனியன் நிர்வாகம் அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்டு கூட்டம் நடந்து சரியாக நூறு வருடம்!

காசு தகராறு தீர்ந்துவிட்டது. ஆனால், பிரிந்த ஃபுட்டிகள் பிரிந்ததுதான்.