பிரியான் நோய்கள்: பெயரும் கணக்கும்

நோய்க்கு மக்கள் இடும் பெயர் பெரும்பாலும் கண்ணால் கண்டதையே சொல்லும். பாப்புவா நியூ கினியின் கிழக்கு மலைநாட்டில் வாழும் ஃபோரே மக்கள், தம்மிடையே பரவிய கொடுநோயைக் 'கூரு' என்றனர். அவர்தம் மொழியில் அது நடுக்கத்தைக் குறிக்கும் சொல். பிரிட்டனில், வேலியில் உடலைத் தேய்த்துத் தேய்த்து மாளும் ஆடுகளின் நோய், சுரண்டுதல் என்னும் பொருள்பட 'ஸ்கிரேப்பி' எனப்பட்டது. இரண்டும் அறிகுறியைக் கூறின, காரணத்தைக் கூறவில்லை.

ஸ்கிரேப்பியை உண்டாக்கும் பொருள், நியூக்ளிக் அமிலத்தைச் சிதைக்கும் புற ஊதாக் கதிர்களுக்கும் ஈடுகொடுக்கிறது என 1967இல் டிக்வா ஆல்பர் குழுவினர் காட்டினர். மரபுச் செய்தியைத் தாங்கும் அவ்வமிலம் இன்றி ஒரு நோய்ப்பொருள் எவ்வாறு பெருகும்? கணிதவியலாளர் ஜே. எஸ். கிரிஃபித் அதே ஆண்டில் சில வழிகளை முன்வைத்தார். அவற்றுள் ஒன்று: உருத்திரிந்த புரதம், இயல்பான புரதத்தையும் தன் உருவுக்கு மாற்றக்கூடும். ஸ்டான்லி புருசினர் 'பிரியான்' என்னும் சொல்லை ஆக்கியது 1982இல்தான். கருத்து, பெயருக்காகப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தது.

1990களில் கணித மாதிரிகள் இப்பெருக்கத்தைச் சமன்பாடுகளாக்கின. திரிந்த புரதங்கள் இழையாகக் கோத்துக்கொள்கின்றன. இயல்பான புரதங்கள் இழையின் முனைகளில் வந்து சேர்கின்றன. இழை முறிந்தால் புதிய முனைகள் தோன்றுகின்றன. அப்படியாயின், இழைகளை முறிக்கும் மருந்து நன்மை தருமா? ஓர் இழைக்கு முனைகள் இரண்டு. அதை மூன்றாக முறித்தால் முனைகள் ஆறு. துண்டுகள் நிலைத்து நிற்க இயலாத அளவுக்குச் சிறியனவானால்தான் அவை கரையும். ஆகவே, குறைந்த அளவில் கொடுக்கப்படும் மருந்து நோயை விரைவுபடுத்தவும் கூடும். முனைகளை அடைக்கும் மருந்தே அதிக நம்பிக்கை தருவது என ஜோவன்னா மேசலும் வின்சென்ட் யான்சனும் 2000இல் கணக்கிட்டுக் காட்டினர்.

மூலப்பொருளைக் குறைப்பது மற்றொரு வழி. இயல்பான பிரியான் புரதமே இல்லாத எலிகளுக்கு ஸ்கிரேப்பி வருவதில்லை என்பது 1993இல் சோதனையில் உறுதிப்பட்டது.

இந்நோய்களைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. ஆயினும், சோதனைக் குழாயில் மிகுந்த அளவில் வென்ற மருந்து, மூளையைச் சென்றடையும் சிற்றளவில் எதிர்விளைவைத் தரலாம் என்னும் எச்சரிக்கையைக் கணிதம் முன்கூட்டியே தந்துள்ளது. நோயாளியின் உடலில் அதைச் சோதித்து அறிய நேர்ந்திருந்தால், அந்த அறிவின் விலை ஓர் உயிராக இருந்திருக்கும். வகுப்பறையில் சமன்பாட்டின் பயனை வினவும் மாணவருக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.