மீட்டர்கேஜ் கட்டைகளின் மறுவாழ்வு: விழுப்புரம் – காட்பாடிப் பாதையை முன்வைத்துப் பழைய தண்டவாளக் கட்டைகளின் அகற்றல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ரயில் பாதைகளின் வரலாறு பெரும்பாலும் திறப்பு நாள்களைக் கொண்டே எழுதப்படுகிறது. பாதை புதுப்பிக்கப்படும்போது பெயர்த்தெடுக்கப்பட்ட பொருள்கள் எங்குச் சென்றன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தண்டவாளத்தைத் தாங்கிய குறுக்குக் கட்டைகள், அதாவது மக்கள் வழக்கில் ‘ஸ்லீப்பர் கட்டைகள்’, கழிக்கப்பட்ட முறையை ஆரணி, சந்தவாசல் வட்டாரத்தை ஊடறுத்துச் செல்லும் விழுப்புரம் – காட்பாடிப் பாதையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பராமரிப்பின்போது கட்டைகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. அகலப்பாதை மாற்றத்தின்போது ஒருசேரக் கழிக்கப்பட்டன. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடே பழைய கட்டைகளின் பிற்கால வாழ்வைத் தீர்மானித்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தண்டவாளக் கட்டை, மீட்டர்கேஜ், கிரியோசோட், அகலப்பாதை மாற்றம், ஏலம், சந்தவாசல்.

1. களமும் பாதையும்

சவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், படவேட்டுக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் சந்தவாசல். ஆரணிப் பட்டு நெசவு பரவியுள்ள இவ்வட்டாரத்துக்குக் கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் ஆகிய நிலையங்களே ரயில் வாயில்களாக இருந்துவருகின்றன. ஆரணி ரோடு நிலையம் ஆரணி நகரில் அமையவில்லை; களம்பூரில் அமைந்துள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் வலைப்பின்னலில் இப்பாதை இணைந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே உருவானபோது அதன் பகுதியாயிற்று. 1992இல் தொடங்கிய ஒற்றைப்பாதைத் திட்டத்தின் தொடர்ச்சியாக 2010இல் அகலப்பாதையாக மாறியது.

மலையின் மேற்குப் புறத்தில் வேறொரு வரலாறு நிகழ்ந்தது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி, மொரப்பூர் – தருமபுரி ஆகிய குறுகிய பாதைகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குள் மூடப்பட்டன. ஆகவே, பாதைப் பொருள்களைப் பெயர்த்தெடுத்தல் இவ்வட்டாரத்துக்கு 2010இல் அறிமுகமான செயல் அன்று.

2. காட்டிலிருந்து பாதைக்கு

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்னை ரயில்வேயின் முதல் பயணிகள் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹியூ கிளெக்கார்ன் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராகப் பொறுப்பேற்றார். தண்டவாளத்துக்கு வேண்டிய கட்டைகளும் எஞ்சினுக்கு வேண்டிய விறகும் காடுகளின் மீது செலுத்திய அழுத்தத்தை 1861இல் வெளியான அவருடைய நூல் விவாதிக்கிறது. 1882இல் வந்த சென்னை வனச் சட்டத்தின் பின்னணியிலும் இத்தேவைக்கு இடமுண்டு.

மீட்டர்கேஜ் மரக்கட்டையின் வழக்கமான அளவு 6 அடி நீளம், 8 அங்குல அகலம், நாலரை அங்குலக் கனம். இதன் கன அளவு ஏறத்தாழ 0.042 கன மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 1300 கட்டைகள் எனக் கொண்டாலும் 55 கன மீட்டர் அறுத்த மரம் வேண்டியிருந்தது. மரக்கட்டையின் ஆயுளாகப் பொறியியல் நூல்கள் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகளைக் குறிப்பிடுவதால், இந்தத் தேவை ஒருமுறையோடு நின்றுவிடவில்லை.

தேக்கு, சால் போன்ற வைரம் பாய்ந்த மரங்கள் பதப்படுத்தாமலே இடப்பட்டன. தேவதாரு, சீர் போன்ற மென்மையான மரங்களுக்கு நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படும் கிரியோசோட் எண்ணெய் ஏற்றப்பட்டது. அழுத்தத்தின் மூலம் மரத்துக்குள் எண்ணெயைச் செலுத்தும் முறைக்கு ஜான் பெத்தெல் 1838இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் பஞ்சாபின் தில்வான், அசாமின் நஹர்கட்டியா, பரேலி, கேரளத்தின் ஒலவக்கோடு ஆகிய இடங்களில் ரயில்வேயின் பதப்படுத்தும் நிலையங்கள் இயங்கின. மரத்துக்கு மாற்றாக வார்ப்பிரும்புக் கட்டைகளும் எஃகுத் தொட்டிக் கட்டைகளும் பின்னர் கான்கிரீட் கட்டைகளும் வந்தன.

3. ஒவ்வொன்றாகக் கழித்தல்

பராமரிப்பின்போது கட்டையின் தகுதி நேரடி ஆய்வால் தீர்மானிக்கப்பட்டது. முனை பிளத்தல், தண்டவாளம் அமரும் இடம் தேய்ந்து பள்ளமாதல், ஆணி பிடிப்பிழத்தல், உள்ளே மக்குதல் ஆகியவை முதன்மையான குறைகள். ஆணி பிடிக்காத கட்டையில் பாதையின் அகலம் நிலைக்காது. ஆகவே அது வண்டியின் பாதுகாப்புக்கே ஊறாகும்.

இவ்வாறு எடுக்கப்பட்டவை மீண்டும் பயன்படுத்தத் தக்கவை, தகாதவை எனப் பிரிக்கப்பட்டன. தக்கவை முதன்மைப் பாதையிலிருந்து கிளைப் பாதைக்கும், அங்கிருந்து நிலைய முற்றங்களின் பக்கப் பாதைகளுக்கும் படிப்படியாக இறங்கின. வேகமும் சுமையும் குறைந்த இடத்தில் அதே கட்டை மேலும் சில ஆண்டுகள் உழைத்தது. பாதைக்கு முற்றிலும் தகாதவை வேலிக்கால்களாகவும் நிலைய வளாகத்தின் சிறு கட்டுமானங்களாகவும் மாறின. எஞ்சியவை ஏலத்துக்குச் சென்றன. சிறு பாதைகளே பெரும் பாதைகளின் பழம்பொருள்களுக்கு இருப்பிடமாக விளங்கின என்பது இங்குக் கருதத்தக்கது.

4. ஒருசேரக் கழித்தல்

அகலப்பாதை மாற்றம் இப்படிமுறையைக் குலைத்தது. மீட்டர்கேஜில் தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையேயான தொலைவு 1000 மி.மீ.; அகலப்பாதையில் 1676 மி.மீ. ஆறடிக் கட்டையின் நீளம் ஏறத்தாழ 1830 மி.மீ. மட்டுமே. அதில் அகலப்பாதைத் தண்டவாளங்களை வைத்தால் அவற்றின் அடிப்பாகமே கட்டையின் முனைகளைத் தாண்டி வெளியே நிற்கும். எனவே மக்காத, பிளக்காத, நேற்று இடப்பட்ட கட்டையும் அவ்விடத்தில் ஒரே நாளில் தகுதியிழந்தது. அதன் உடல் கெடவில்லை. அது தாங்கிய பாதையின் அளவு மாறிவிட்டது.

கிலோமீட்டருக்கு 1300 முதல் 1600 கட்டைகள் என்னும் பொதுவான அடர்த்தியைக் கொண்டால், சுமார் 160 கி.மீ. நீளமுள்ள இப்பாதையின் அளவுக்கு மரம், இரும்பு என எல்லா வகையும் சேர்த்து 2 லட்சம் முதல் 2.5 லட்சம் கட்டைகள் கணக்காகின்றன. ஒற்றைப்பாதைத் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில், மாற்றப்பட்ட பாதைகளின் பொருள்கள் எஞ்சியிருந்த மீட்டர்கேஜ் பாதைகளின் பராமரிப்புக்கு உதவின. ஆனால் திட்டம் முன்னேற முன்னேற, வெளிவரும் கட்டைகள் பெருகின. அவற்றை ஏற்கக்கூடிய பாதைகளோ அருகின. தமிழகத்தில் இன்று நீலகிரி மலை ரயில் போன்ற விதிவிலக்கே எஞ்சியுள்ளது. பாதைக்குள்ளேயே சுழன்ற பொருள் பாதைக்கு வெளியே தள்ளப்பட்டது இவ்வாறேயாகும்.

இரும்புக் கட்டைகளுக்கு இதனால் பெருந்தடை நேரவில்லை. அவை உருக்காலைக்குச் சென்று மீண்டும் இரும்பாயின. மரக்கட்டைகள் ஏலத்தின் வழியே மரக்கடைகளுக்கும் தச்சர்களுக்கும் சென்று கதவுகளாகவும் இருக்கைகளாகவும் மாறின. அறுக்கத் தகாதவை விறகாயின.

5. கணக்கில் வராத எண்ணெய்

இந்த இடத்தில்தான் அகற்றல் முறையின் குறைபாடு வெளிப்படுகிறது. ஏலக் கணக்கு கட்டையை வகை, எண்ணிக்கை அல்லது எடை ஆகியவற்றால் அறியும். பதப்படுத்தாத தேக்குக் கட்டையும் கிரியோசோட் ஏற்றிய தேவதாருக் கட்டையும் அதில் ‘மரம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடக்கூடியவை. முன்னதை இழைத்தால் நல்ல பலகை கிடைக்கும். பின்னதில் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் உள்ளன. கிரியோசோட்டை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ள பொருள்களின் 2ஏ பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்துள்ளது. அத்தகைய கட்டையை அடுப்பில் எரிப்பதன் தீங்கு, விறகைக் குறைந்த விலைக்குத் தேடும் குடும்பத்தின் சமையலறையில் போய்ச் சேர்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2001ஆம் ஆண்டின் நெறிமுறையால், கிரியோசோட் ஏற்றிய மரத்தைக் கட்டடங்களுக்குள்ளும் விளையாட்டுத் திடல்களிலும் தோட்டங்களிலும் பயன்படுத்துவதைத் தடுத்தது. ஜெர்மனியின் 2002ஆம் ஆண்டுப் பழமர ஒழுங்குமுறை, பழைய ரயில் கட்டைகளை மிகுந்த மாசுடைய நான்காம் வகுப்பில் சேர்த்தது. கட்டை பாதையை விட்டு நீங்கிய பின்னும் அதன் பொறுப்பு நீங்குவதில்லை என்னும் கருத்து இவ்விதிகளின் அடிப்படையாகும்.

முடிவுரை

‘பயன்படுத்தத் தகாதது’ என்னும் கணக்குச் சொல் தண்டவாளத்தின் நோக்கிலிருந்து பிறந்தது. வாங்குபவரின் நோக்கில் அதே கட்டை விலைபெறும் மரமாகும். தனிக்கட்டை மாற்றத்தின் காலத்தில் இவ்விரு நோக்குகளின் மோதல் பெரிதாகத் தெரியவில்லை. பெரும்பாலான கட்டைகள் ரயில்வேயின் எல்லைக்குள்ளேயே தேய்ந்து முடிந்தன. பாதை மாற்றமே அவற்றைப் பெருமளவில் ஊருக்குள் கொணர்ந்தது. ஆகவே, மீட்டர்கேஜின் வரலாறு 2010இல் இப்பாதையில் முடிந்ததாகக் கொள்வது பொருந்தாது. கண்ணமங்கலம், களம்பூர், போளூர் போன்ற ஊர்களின் மரக்கடைகளும் வேலிகளும் வீட்டுக் கதவுகளும் ஆய்வாளர்க்குரிய ஆவணங்களாகின்றன. இனி ஏலத்துக்கு வரும் மரக்கட்டைகளின் பட்டியலில் மரத்தின் இனத்தையும் பதப்படுத்திய விவரத்தையும் சேர்ப்பது வரலாற்றுப் பதிவாக அமைவதோடு, அடுப்படியில் அமர்ந்திருப்பவருக்கான பாதுகாப்பாகவும் அமையும்.