ரவென்னா காசும் பீசா காசும்: பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையின் தொடக்கம் பற்றி ஒரு மறுப்பு

பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையின் தொடக்கத்தைப் பற்றி , அதாவது இல்லறத்தாருக்கான கிளையின் தொடக்கத்தைப் பற்றி, எழுத உட்காரும் எவரும் ஜில் ஜெரார் மேர்ஸ்மானைச் சுற்றிக்கொண்டு போய்விட முடியாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த இந்தத் தொமினிக்கன் துறவி, அதன் பழைய வடிவமான 13ஆம் நூற்றாண்டின் தவச் சபை பற்றிய தம் ஆவணத் தொகுப்பை 1961இல் சுவிட்சர்லாந்தின் பிரிபூர்கில் வெளியிட்டார். பக்தி நூல்களில் அதுவரை உலவிய கதைக்கு அதற்குப் பிறகு நிற்க இடமில்லை. அந்தக் கதையில், தொஸ்கானாவின் பொஜ்ஜிபொன்ஸி ஊர் வணிகர் லுக்கேசியோவும் மனைவி பொனதொன்னாவும் பிரான்சிசிடம் வந்து, இல்லறத்தை விடாமல் தவ வாழ்வு வாழ வழி கேட்கிறார்கள். அவர் ஒரு சபையை நிறுவி ஒழுங்கும் எழுதித் தருகிறார்.

மேர்ஸ்மான் இதை நான்கு அடியில் வீழ்த்தினார். வீட்டிலிருந்தபடியே தவ வாழ்வை மேற்கொண்ட பொதுநிலையினர் பிரான்சிசுக்கு முன்பே இருந்தார்கள். ஊமிலியாத்தி இயக்கத்தின் இல்லறத்தாருக்கு மூன்றாம் இன்னொசென்ட் 1201இலேயே ஏற்பு வழங்கிவிட்டார். தவச் சபையின் 1221ஆம் ஆண்டு ஒழுங்கில் பிரான்சிசின் பெயரே வரவில்லை. தவச் சபையினர் தங்கள் தலைவர்களைத் தாங்களே தேர்ந்துகொண்டு ஆயர்களின் நிழலில் வாழ்ந்தார்கள். அவர்களைப் பிரான்சிஸ்கன் ஆக்கியது 1289இல் நான்காம் நிக்கோலாஸ் வெளியிட்ட ‘சூப்ரா மோந்தெம்’ ஆணைமடல்தான். நிக்கோலாஸ் பிரான்சிஸ்கன் துறவிகளிலிருந்து வந்த முதல் திருத்தந்தை. அந்தச் சபையின் தலைவராகவும் இருந்தவர். ஆகவே, தம் வீட்டுக்காகக் காய் நகர்த்தினார் என்பது மேர்ஸ்மான் காட்டும் படம். முதல் மூன்றையும் நான் ஏற்கிறேன். நான்காவதை ஏற்கவில்லை. மூன்றிலிருந்து நான்குக்கு அவர் தாவும் இடத்தில் தரை இல்லை என்பதுதான் என் வாதம்.

அவருக்கு முன் கார்ல் முல்லரும் மந்தோனேவும் இதே திசையில் நடந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் கேட்டது ‘யார் தொடங்கினார்’ என்ற கேள்வி. மேர்ஸ்மான் அதை ‘யார் ஆண்டார்’ என்று மாற்றிக்கொண்டார். ஆணைமடல்களை முதன்மைச் சான்றாக வைத்தால் அந்தக் கேள்விதான் வரும்; ஆணைமடல் எழுதப்படுவதே அதிகாரம் பற்றித் தகராறு எழும்போது. 1221 டிசம்பர் 16இல் மூன்றாம் ஒனோரியுஸ் ரிமினி ஆயருக்கு எழுதியது அப்படி ஒன்று. ஃபாயென்சாவிலும் சுற்றுப்புறத்திலும் தவ வாழ்வு ஏற்றவர்களை, ஆயுதம் ஏந்தித் தங்களைப் பின்தொடர்வதாகச் சத்தியம் செய்யும்படி ஊர் அதிகாரிகள் நெருக்குகிறார்கள். தடுத்துக் காப்பாற்றுங்கள் என்கிறது மடல். பிரான்சிசைப் பற்றி ஒரு சொல் இல்லை. போர்க்கடமையிலிருந்து விலக்கு கேட்கும் மடலில் அவர் பெயர் எதற்காக வரவேண்டும்? நில வழக்குத் தீர்ப்பில் குலதெய்வத்தின் பெயர் இல்லை என்பதற்காக அந்தக் குடும்பத்துக்குக் குலதெய்வமே இல்லை என்று முடிவு கட்டுவோமா?

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இலத்தீனில் இவர்கள் ‘பெனித்தென்ஸியா’வின் சகோதர சகோதரிகள். மனமாற்றம், ஒறுத்தல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல் அது. தமிழில் தவம் என்றால் காடு கண்முன் வருகிறது. வள்ளுவரும் இல்வாழ்க்கையை ஓர் அதிகாரத்திலும் தவத்தை வேறோர் அதிகாரத்திலும்தான் வைத்தார். பழைய கத்தோலிக்க வழக்கின் ‘தபசு’ கொஞ்சம் நெருங்குகிறது, ஏனென்றால் தபசுகாலத்தில் குடும்பமே தபசு இருக்கும். ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற சொற்கள் இன்னும் நெருக்கம். 1221ஆம் ஆண்டு ஒழுங்கின் ஒரு பகுதி, யார் எந்த நாளில் ஒருசந்தி, யாருக்கு எப்போது சுத்தபோசனம் என்ற கணக்குத்தான்.

அந்த ஒழுங்குக்கு வருவோம். ‘மெமோரியாலே ப்ரோபோசிதி’ என்று வழங்கும் இதன் கையெழுத்துப்படி ஒன்றைப் பால் சபாத்தியே கப்பெஸ்திரானோ மடத்தில் கண்டெடுத்து 1901இல் அச்சேற்றினார். பின்னர் கேனிக்ஸ்பர்க், புளோரன்ஸ் படிகளும் வெளிவந்தன. தங்கள் சொந்த வீடுகளில் வாழும் தவச் சகோதர சகோதரிகளின் தீர்மானக் குறிப்பு என்று தலைப்பிலேயே வீடு வந்துவிடுகிறது. தொடங்கிய ஆண்டு 1221 என்று சொன்னாலும், நம் கைக்கு வந்துள்ள வடிவத்தை 1228 வாக்கில் வைப்பதே பொது வழக்கம். முதல் 12 அதிகாரங்கள் பழையவை, 13ஆவது பின்னால் சேர்ந்தது என்று சபாத்தியே பிரித்தார். அந்தப் பிரிப்பு அவ்வளவு நேர்கோடாக இருக்க முடியாது என்பதற்கு நான் காட்டும் சான்று முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது.

உடையைப் பற்றிய அதிகாரம் அது. சகோதரர்கள் சாயம் ஏற்றாத எளிய துணி உடுத்த வேண்டும். முழம் ஒன்றுக்கு விலை ஆறு ரவென்னா சோல்தியைத் தாண்டக் கூடாது. இலத்தீன் மூலமும் ‘கை’ என்றுதான் அளவைச் சொல்கிறது. நம் ஜவுளிக்கடைக்காரர் முழங்கையால் அளந்த அதே பழக்கம். மேலாடை கழுத்தில் திறந்து கிடக்கக் கூடாது. சகோதரிகளின் மேலங்கிக்கும் அதே விலைத் துணி. ஆனால் கொசுவம் வைக்காத அகன்ற லினன் ஆடை உடுத்துவதானால் அதன் விலை முழத்துக்குப் பன்னிரண்டு பீசா தெனாரியைத் தாண்டக் கூடாது. உரோமமுள்ள ஆடை ஆட்டுக்குட்டித் தோலில் மட்டும். தோல் பையும் இடைவாரும் வைத்துக்கொள்ளலாம், தையலில் பட்டு நூல் கூடாது.

என்னை நிறுத்தியது அந்தப் பீசா காசு. ரவென்னா சோல்தியைக் கண்டதும் ரொமாஞ்ஞா பகுதியை, அதாவது ஃபாயென்சா, ரிமினிப் பக்கத்தை நினைப்பது இயல்பு. 1221 டிசம்பர் மடலும் அந்த ஊர்களைத்தானே பேசுகிறது. ஆனால் அடுத்த வாக்கியத்தில் பெண்ணின் துணிக்கு விலை சொல்லும்போது நாணயம் மலைத்தொடரைக் கடந்து தொஸ்கானாவுக்குப் போய்விடுகிறது. உரோமைக் கூரியாவில் ஒரு கர்தினாலின் எழுத்தர் உட்கார்ந்து ஒரே இருப்பில் எழுதியிருந்தால் ஆணுக்கு ஒரு காசு, பெண்ணுக்கு ஒரு காசு என்று போடுவாரா? ஒரே நாணயத்தில் எழுதுவார்; இல்லையென்றால் விலையே குறிக்காமல் ‘மலிவான துணி’ என்று முடித்துவிடுவார்.

இதற்கு மறுமொழி உண்டு. காசு நடக்கும் பொருள். ஒரே சந்தையில் இரண்டு ஊர்க் காசும் புழங்கும். கம்பளி ஒரு நாணயத்திலும் லினன் வேறு நாணயத்திலும் விற்ற சந்தை ஒன்று இருந்திருக்கலாம். சரி. அப்படியானாலும் அந்த விலையைச் சொன்னவர் சந்தைக்குப் போனவர், துணிக்கடையில் நின்றவர். சட்டம் எழுதுபவரின் அறிவு இல்லை அது. வீட்டுக்குத் துணி எடுப்பவரின் அறிவு. விலை விஷயத்தில் பெண்ணின் நிலைக்கும் அந்தந்த ஊர் வழக்கத்துக்கும் ஏற்பத் தளர்வு கொடுக்கலாம் என்று உடனே ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேறு வேறு ஊர்களின் சகோதரிகள் ‘எங்கள் ஊரில் இந்த விலைக்குத் துணி கிடைக்காது’ என்று சொன்ன பிறகுதான் ஒழுங்கில் இப்படி ஒரு வாசகம் வரும். இந்த வரிகளை ஒரே தலை எழுதவில்லை என்பதில் எனக்கு ஐயம் மிகக் குறைவு. மேலிருந்து இறங்கிய சட்டம் இல்லை இது. வீடுகளிலிருந்து ஏறிப்போன பேச்சின் பதிவு.

இதே கை மற்ற இடங்களிலும் தெரிகிறது. கடும் உழைப்பாளிகள் பாஸ்கா முதல் மிக்கேல் திருநாள் வரை நாளுக்கு மூன்று வேளை உண்ணலாம். எழுத்தறியாதவர்கள் அதிகாலைச் செபத்துக்குப் பன்னிரண்டு பரலோக மந்திரமும் மற்ற வேளைகளுக்கு ஏழேழும் சொன்னால் போதும். மாதம் கூடும்போது ஆளுக்கு ஒரு தெனாரியோ பொருளாளரிடம். அது ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும். வாக்குறுதி கொடுத்த மூன்று மாதத்துக்குள் உயில் எழுதிவிட வேண்டும். யார்மீதும் கொலைக்கருவி ஏந்தக் கூடாது. அறுவடைக்கால வெயிலில் இரண்டு வேளைச் சோறு காணாது என்று தெரிந்தவர்கள் பேசிய பேச்சு இது.

இதனால் ஒழுங்கு ‘பிரான்சிஸ்கன்’ ஆகிவிடுமா? ஆகாது. மேர்ஸ்மானின் எதிர்த்தரப்பும் இங்கேதான் தடுக்கி விழுந்தது. வோல்தெர்ராவின் குவர்னாச்சி நூலகச் சுவடி 225இல், தவம் செய்வோரையும் செய்யாதோரையும் பற்றிப் பிரான்சிஸ் எழுதிய சிறு மடல் ஒன்று இருக்கிறது. சபாத்தியே அதை 1900இல் அச்சிட்டார். இதுவே ‘விசுவாசிகளுக்கு மடலி’ன் முந்தைய வடிவம் என்று காஜெத்தான் எஸ்ஸர் பின்னர் வாதிட்டு, ‘தவச் சகோதர சகோதரிகளுக்கு அறிவுரை’ என்று தலைப்பும் கொடுத்தார். தலைப்பு எஸ்ஸருடையது, சுவடியினுடையது இல்லை. ஆனால் ஆறாம் பவுல் 1978 ஜூன் 24இல் ஏற்பளித்த புதிய ஒழுங்கின் முகவுரையாக இந்த மடல் அமைந்த பிறகு, அந்தத் தலைப்பைப் பிரான்சிசே எழுதியதுபோல் மேற்கோள் காட்டும் பழக்கம் பரவிவிட்டது. பதிப்பாசிரியர் சூட்டிய பெயரைச் சான்றாக்குவது, உரையாசிரியர் வைத்த துறைக்குறிப்பைப் புலவர் வாக்கு என்பதைப் போன்றது. மடல் எந்த ஆண்டினது என்பதும் இன்னும் தீரவில்லை. என் வாதத்துக்கு அது மிகவும் வசதியான சான்று. அதனாலேயே அதை ஒதுக்கிவைக்கிறேன்.

எடுத்துக்கொள்வது வேறு இரண்டை. முதலாவது, ஒன்பதாம் கிரகோரி 1238 மே மாதம் பிராகா நகர் ஆக்னெசுக்கு எழுதிய மடல். பிரான்சிசால் மூன்று குழுக்கள் தோன்றின என்கிறார்: சிறிய சகோதரர்கள், அடைபட்ட மடத்துச் சகோதரிகள், தவ வாழ்வினர். எழுதியவர் யார் என்று கவனிக்க வேண்டும். கிரகோரி, ஊகோலினோ என்ற பெயரில் கர்தினாலாக இருந்தபோது பிரான்சிசோடு நெருங்கிப் பழகியவர். 1228இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தவரும் அவரே. ‘சூப்ரா மோந்தெ’முக்கு 51 ஆண்டுகள் முன்னால், எந்த நிர்வாக உரிமையையும் நிலைநாட்டத் தேவையில்லாத ஒரு மடலில், போகிற போக்கில் சொல்கிறார். புகழ்ச்சி வழக்கு என்று தள்ளலாம்தான். ஆனால் புகழ்ச்சிக்கு இரண்டு குழுக்களே போதுமே. பெறுபவர் மடத்துச் சகோதரி. மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னது யார்?

இரண்டாவது, கொர்த்தோனாவின் மார்கரெத்தா. ஊர் வாயில் விழுந்து எழுந்த பெண். கையில் ஒரு மகன். கொர்த்தோனாவின் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் தவ உடை கேட்டார். அவர்கள் உடனே தரவில்லை. இளம் வயது, தாக்குப்பிடிப்பாரா என்று காத்திருக்க வைத்தார்கள். உடை பெற்ற ஆண்டை 1275 என்றும் 1277 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இங்கே அந்த வேறுபாடு ஒன்றும் செய்யாது. எதை எடுத்தாலும் 1289க்கு முன்தான். அவருடைய வரலாற்றை எழுதிய ஜியுந்தா பெவெஞ்ஞாத்தி அவரின் ஆன்ம குருவாயிருந்த பிரான்சிஸ்கன். ‘பிரான்சிஸ்கன் ஆக்கம்’ 1289இல் ஒரு மடலால் நடந்தது என்றால், அதற்குக் குறைந்தது பன்னிரண்டு ஆண்டுகள் முன்னால் இந்தப் பெண் ஏன் ஆயரின் வாசலுக்குப் போகாமல் இவர்கள் வாசலில் நின்றார்?

துறவிகள் தயங்கியது உண்மை. பொனவெந்தூராவின் பெயரில் வழங்கும் ஒரு வினாவிடை நூல், தவச் சபையினரை ஏன் நாம் வளர்க்கக் கூடாது என்று காரணம் மேல் காரணமாக அடுக்குகிறது. அவர் எழுதியதுதானா என்பதில் ஐயம் உண்டு. மேர்ஸ்மான் வழியில் வருபவர்களுக்கு இது கையில் கிடைத்த ஆயுதம். நான் இதை மறுபுறம் திருப்பிப் பிடிக்கிறேன். யாரும் கேட்காத பெண்ணை இத்தனை காரணம் சொல்லி ஏன் மறுக்க வேண்டும்? ‘நீங்கள்தான் எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று வீட்டுக்காரர்கள் விடாமல் வந்து நின்றதற்கு இந்த நூலே சாட்சி.

1284இல் பிரான்சிஸ்கன் துறவி காரோ ஓர் ஒழுங்கைத் தொகுத்ததும், ஐந்து ஆண்டுகளில் நிக்கோலாஸ் அதைப் பெரும்பாலும் தம் மடலில் எடுத்துக்கொண்டதும் தெரிந்த செய்திகள். அந்த மடலில் என் கண் போவது மறுபடியும் துணியின்மேல்தான். முழு வெள்ளையும் வேண்டாம், முழுக் கறுப்பும் வேண்டாம் என்கிறது. புளோரன்சில் சாம்பல் நிறத் தவத்தினர் பிரான்சிஸ்கன் பக்கமும் கறுப்பு நிறத்தினர் தொமினிக்கன் பக்கமும் பிரிந்து நின்ற பின்னணியை விரிவாக எடுத்துக்காட்டியவர் மேர்ஸ்மானே. அந்தக் கடனை மறுப்பதற்கில்லை. 1221இல் சாயம் ஏற்றாத துணி ஏழ்மையின் அடையாளம். 1289இல் நிறம் கட்சியின் அடையாளம். அந்த மடல் முடிவு செய்தது நிறத்தை. முழத்துக்கு இத்தனை காசு என்று வீட்டுக்குள் பேசிய பேச்சு அதற்கு அறுபது ஆண்டுக்கு முந்தையது.

பன்னிரண்டு பீசா தெனாரி அந்த வாக்கியத்துக்குள் எந்த ஆண்டில் நுழைந்தது? 1221இலேயே என்றால் தொஸ்கானாவின் சகோதரிகள் தொடக்கத்திலேயே பேச்சில் இருந்தார்கள் என்றாகும். லுக்கேசியோ கதைக்குக்கூடச் சிறிது உயிர் வரும். 1228 வாக்கில் என்றால் ரொமாஞ்ஞாவின் ஒழுங்கு ஊர் ஊராகப் போய்த் திருத்தம் பெற்றது என்றாகும். நாணயத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. என் விருப்பம் முந்தைய ஆண்டின் பக்கம் சாய்கிறது. விருப்பத்தைக் காலக்குறிப்பாக்க மனமில்லை. 1221க்கும் 1228க்கும் இடையில் என்றே எழுதிவைக்கிறேன்.