ஒலி நிற்கக்கூடாது

1948ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பிரெஞ்சு வானொலி வினோதமான ஒரு நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. 'இரைச்சல்களின் கச்சேரி' என்பது அதன் பெயர். பியேர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர், பாரிஸின் ரயில் நிலையமொன்றில் பதிவு செய்த எஞ்சின்களின் மூச்சையும் சக்கரங்களின் தாளத்தையும் இசைத்தட்டுகளில் ஏற்றி, ஒன்றோடொன்று கலந்து, ஓர் இசை உருப்படியாக முன்வைத்தார். அதே மாதத்தில், அதே பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த புதுச்சேரி ஒரு நகராட்சித் தேர்தலின் பரபரப்பில் இருந்தது. அந்நாளைய அரசியலின் முக்கியப் புள்ளியான எதுவார் குபேரின் பெயரைத்தான் நேரு வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட் 'குபேர் அங்காடி' என்று தாங்கி நிற்கிறது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஷேஃபர் செய்ததைப் புரிந்துகொள்ளப் பெரிய மார்க்கெட்டைவிடப் பொருத்தமான இடம் நமக்குக் கிடைக்காது. மீன் பகுதியின் கூச்சல், காய்கறிக்காரரின் விலை விவரம், பூக்காரரின் அழைப்பு, மூட்டை இறக்குபவரின் 'வழி, வழி' என எல்லாம் ஒரே நேரத்தில் நம் மேல் வந்து மோதுகின்றன. இருந்தும், வேண்டிய குரலை மட்டும் தேர்ந்து மற்றதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது நம் காது. மைக்குக்கு அந்த விவேகம் கிடையாது. தன்னிடம் வரும் அனைத்தையும் அது அப்படியே விழுங்கும். காது செய்யும் வேலையை மின்சாரத்தால் செய்ய முயன்றதன் வரலாறே ஒலிக்கலவை மேசையின் வரலாறு. நம்மூர் மைக்செட்காரர்கள் அதை 'மிக்ஸர்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள்.

மேசையின் தத்துவம் எளிது. ஒரு மைக்கிலிருந்து ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் வருகிறது என்று கொள்வோம். அதை ஒரு வோல்ட்டாக உயர்த்த 1000 மடங்கு, பொறியாளர் கணக்கில் 60 டெசிபல், பெருக்க வேண்டும். அடுத்தது அடித்தொனியையும் உச்சத்தொனியையும் கூட்டிக் குறைக்கும் சுற்று. 1952இல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட சுற்றின் வாரிசுகளை 'பேஸ்', 'டிரெபிள்' என்று எழுதிய குமிழ்களுக்குப் பின்னால் உலகெங்கும் காணலாம். அதன்பின் ஒலியளவைத் தீர்மானிக்கும் ஃபேடர். இறுதியில் எல்லா வாய்க்கால்களும் வந்து சேரும் பொதுத்தடம். ஒரு மைக்குக்கு உரிய இந்த வரிசை முழுவதற்கும் 'சேனல்' என்று பெயர்.

நாம் இங்கே கவனிக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பத்து சேனல்களையும் ஒரே பலகையில் ஈயப்பற்று வைத்துக் கட்டுவதா, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியே கழற்றி மாட்டக்கூடிய துண்டாகச் செய்வதா? முதல் வழி மலிவானது. இரண்டாவது வழியை முதலில் வற்புறுத்தியவை வானொலி நிலையங்கள். ஒரு வால்வு தீய்ந்துபோனதென்று ஒலிபரப்பை நிறுத்த முடியாது அல்லவா? ஜெர்மானிய வானொலி நிலையங்கள் 1950களில் வி72 என்ற பெருக்கியை, இழுத்தால் கையோடு வந்துவிடும் பெட்டியாக, ஒரே தர அளவில் பயன்படுத்தின. எந்தத் தொழிற்சாலை செய்திருந்தாலும் அது அதே பொந்தில் பொருந்தும். லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனம் தன் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகக் கட்டிய 'ரெட் 37' மேசை இந்தப் பெருக்கியின் ஒரு வகையைக் கொண்டே இயங்கியது.

அமெரிக்காவில் பில் புட்னம் 1960 வாக்கில் அமைத்த '610' மேசையில் மைக் பெருக்கியும் தொனிச்சுற்றும் ஒரே கழற்றும் துண்டுக்குள் வந்தன. பிறகு டிரான்சிஸ்டர் காலம். இ.எம்.ஐ. 1968இல் நிறுவிய 'டி.ஜி.12345' மேசை 24 மைக்குகளை ஏற்றது. பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோட்' தொகுப்பு அதில்தான் உருவாயிற்று. ரூபர்ட் நீவ் (1926–2021) 1970இல் வடிவமைத்த '1073' துண்டின் கதை இன்னும் சுவையானது. அது பொருத்தப்பட்டிருந்த பெரிய மேசைகள் பல கலைக்கப்பட்டுவிட்டன. துண்டுகள் மட்டும் தனியே கழற்றப்பட்டு, புதிய பெட்டிகளில் ஏறி, அரை நூற்றாண்டு கடந்தும் பாடகர்களின் குரலைச் சுமக்கின்றன. ஒட்டுமொத்தமாகக் கட்டப்பட்டிருந்தால் இந்த மறுபிறவி வாய்த்திருக்காது.

இத்தகைய மேசையைச் சொந்தமாகக் கட்ட முனைபவருக்குத் தொல்லை தருவது பெருக்கிச் சுற்று அன்று. துண்டுகளை இணைக்கும் பொது அமைப்புதான். எல்லாத் துண்டுகளும் ஒரே எர்த்தைப் பகிர்கின்றன. எர்த் கம்பிகள் வளையமாகச் சுற்றிக்கொண்டால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் 'உம்ம்' என்ற ரீங்காரம் ஒலிபெருக்கியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொரு துண்டின் எர்த்தும் ஒரே புள்ளிக்கு நட்சத்திரக் கதிர்போல வந்து சேர வேண்டும். மின்மாற்றியை மேசைக்குள் வைக்காமல் தள்ளி, தனிப்பெட்டியில் வைப்பதும் இதற்காகவே. அடுத்தது கூட்டலின் விலை. ஒவ்வொரு சேனலும் தன் மெல்லிய சீறலையும் சேர்த்தே அனுப்புகிறது. சேனல்களின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் அச்சீறல் 3 டெசிபல் கூடும். 8 சேனலில் தெரியாத குறை 32 சேனலில் காதை உறுத்தும். கடைசியாக, கழற்றி மாட்டும் இணைப்பான்களே பழுதுக்கு வழிவிடுபவை. கடற்காற்று வீசும் ஊரில் அவற்றின் பித்தளை முனைகள் விரைவில் களிம்பேறும். பழுதுபார்க்கும் வசதிக்காக ஏற்படுத்திய மூட்டே பழுதின் ஊற்றாகிவிடுவது இக்கலையின் நிரந்தரச் சங்கடம்.

இந்தியாவுக்கு வருவோம். 1931இல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியாயிற்று. கராச்சி காங்கிரஸ் மாநாட்டில் நானிக் மோட்வானேயின் 'சிகாகோ ரேடியோ' ஒலிபெருக்கிகள் தலைவர்களின் குரலைக் கூட்டத்தின் கடைசி வரிசைக்குக் கொண்டு சேர்த்ததும் அதே ஆண்டில்தான். சினிமாவுக்கும் அரசியலுக்கும் குரல் கொடுத்த தொழில்நுட்பம் இங்கே ஏறக்குறைய ஒரே வேளையில் வேரூன்றியது. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் துணைநிற்க, மூக் சிந்தசைசரோடு ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. மிக்ஸரைப் போலவே துண்டு துண்டாக இணைக்கும் கருவி அது. கீதா சாராபாய் முதலானோர் அங்கே செய்த பரிசோதனைகள் ஒலிநாடாக்களில் உறங்கி, 2023இல்தான் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. நாடாக்கள் கிடைக்காமல் போயிருந்தால் அப்படியொரு கூடம் இருந்ததே பலருக்குத் தெரியாமல் போயிருக்கும்.

நாடாவில் பதியாமல் போன உழைப்பு எவ்வளவு! 1991க்கு முன்பு வெளிநாட்டு மேசை ஒன்றை வரவழைப்பது, உரிமமும் சுங்க வரியும் சேர்ந்து, சாமானியருக்கு எட்டாக் கனி. ஆகவே திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் வேண்டிய பெருக்கிகளையும் மிக்ஸர்களையும் உள்ளூர் ரேடியோ கடைகளில் கட்டினார்கள். தகரப் பெட்டி வளைப்பவர் ஒருவர், மின்மாற்றி சுற்றுபவர் ஒருவர், சுற்றுப்பலகை பூட்டுபவர் ஒருவர். சென்னை ரிச்சி தெருவிலிருந்து உதிரிப் பாகங்கள் வரும். 1970களின் இறுதியில் வந்த என்.இ.5532 போன்ற சில்லுகள் பின்னாளில் மலிவாகக் கிடைத்தபோது, நல்ல மிக்ஸர் கட்டுவது முன்னிலும் எளிதாயிற்று. ஆனால் அந்தக் கைகள் வரைந்த சுற்றுப்படங்கள் அச்சேறவில்லை. 'அசெம்பிள்டு செட்' என்ற ஒரே சொல்லில் அத்தனை பேருடைய பெயரும் கரைந்துபோயிற்று.

பெரிய மார்க்கெட்டும் இதே கேள்வியின் முன்னால் நின்றது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் அதை இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனை வந்தபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள். கட்டடம் பழுதடைந்திருப்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் மொத்தமாக மூடிவிட்டால், நாள்வருமானத்தை நம்பிய மீன்காரியும் பூக்காரரும் அதுவரை எங்கே போவது? வானொலிப் பொறியாளர்களுக்கு இருந்த கவலையும் இதுதான். பழுதான துண்டை மட்டும் வெளியே எடு, மற்றவை இயங்கட்டும். கடைகள் தனித்தனி, கூரை பொது, ஒருவர் கதவடைத்தாலும் சந்தை நடக்கும் என்ற ஏற்பாடு மிக்ஸருக்கு வெகுகாலம் முன்பே அங்காடிகள் கண்டறிந்த ஒன்று.

இன்றைய டிஜிட்டல் மேசையில் 32 சேனல்களும் ஒரே பலகையில், ஒரே மென்பொருளில் அடங்கிவிடுகின்றன. அதன் ஒலித்தரத்தையும் வசதியையும் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அது பழுதானால், திருகாணியைத் திறந்து பார்க்கும் உள்ளூர்க் கைக்கு அங்கே வேலை மிகக் குறைவு. பழைய முறையில் கட்டத் தெரிந்தவர்கள் முதுமையை எட்டியிருக்கிறார்கள். கோயில் வரலாற்றையும் நாடக வரலாற்றையும் எழுதிய நாம், அவற்றைக் கேட்கச் செய்தவர்களின் வரலாற்றை எழுதவில்லை. அவர்களது பரணில் கிடக்கும் பெட்டிகளைத் திறந்து, சுற்றுகளைப் படியெடுத்து, யார் கட்டினார், யாரிடம் கற்றார், எந்த மேடையில் ஒலித்தது என்று தமிழில் பதிவு செய்ய இன்னும் காலமிருக்கிறது. முதலில் ஓர் ஊரின் மைக்செட் கடைகளிலிருந்து தொடங்கினால்கூடப் போதும்.