பிடிலைத் துரத்திய கிட்டார்

அமெரிக்காவின் புளூகிராஸ் இசையை முதல்முறை கேட்பவர்களை அசத்துவது அதன் வேகம்தான். பாஞ்சோ பொரிந்து தள்ளும், பிடில் பறக்கும், கிட்டாரும் ஈடுகொடுத்து ஓடும். ஆனால் ஆரம்பத்தில் கிட்டாருக்கு அந்த இடமே கிடையாது என்றால் நம்புவீர்களா?

இந்த இசையின் தந்தை எனப்படுபவர் கென்டக்கியில் 1911ல் பிறந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோ. 1945 இறுதியில் அவருடைய குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தார். அவரது மூன்று விரல் பாஞ்சோ வாசிப்புடன் புளூகிராஸுக்கு ஒரு நிலையான வடிவம் வந்தது. அதில் கிட்டாரின் வேலை? தாளம் பிடிப்பது, பாடகருக்குத் துணை நிற்பது. பெரும்பாலும் அவ்வளவே.

காரணம் இரண்டு. ஒன்று, பாஞ்சோவின் சத்தத்துக்கு முன் கிட்டார் எடுபடவில்லை. இன்னொன்று, பிடில்காரர் வில்லை ஒருமுறை இழுத்தாலே பல சுரங்கள் வந்துவிடும். கிட்டாரிலோ ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்துக்கும் கம்பியைத் தனியாகத் தட்டவேண்டும். பிடில் மெட்டுகளின் வேகத்தில் இது சாதாரண காரியமா?

1950களில் டான் ரெனோ போன்ற சிலர் கிட்டாரில் மெட்டு வாசிக்கத் துணிந்தார்கள். அதே காலத்தில் வட கரோலைனாவில் டாக் வாட்சனுக்கு வேறொரு நெருக்கடி. 1923ல் பிறந்த அவர் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தும் குடும்பத்தைக் காப்பாற்றியவர். 1953ல் ஜாக் வில்லியம்ஸின் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தார். ஊர் நடனங்களில் ஆடுபவர்கள் பிடில் மெட்டுகளைக் கேட்டார்கள். குழுவிலோ பிடில்காரரே இல்லை! அந்த மெட்டுகளை வாட்சன் கிட்டாரில் வாசித்துப் பழகினார். ஆடுபவர்களின் கால்கள் நிற்கக்கூடாதே!

1960ல் ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற நாட்டுப்புற இசை ஆர்வலர் அவரைக் கண்டுகொண்டார். 1963ல் நியூபோர்ட் விழா மேடை. 1964ல் வெளிவந்த இசைத்தட்டில் 'பிளாக் மவுண்டன் ராக்' மெட்டை சாதாரண மரக் கிட்டாரில் கேட்டவர்கள் வியந்துபோனார்கள். அதே 1964ல் கிளாரன்ஸ் வைட் தன் குழுவோடு வெளியிட்ட 'அப்பலாச்சியன் ஸ்விங்' இசைத்தட்டு, கிட்டாரைப் புளூகிராஸின் முன்வரிசைக்கே கொண்டுவந்தது. வைட் 1973ல் விபத்தில் இறந்தார். அவர் வைத்திருந்த 1935ம் ஆண்டு மார்ட்டின் கிட்டாரை 1975ல் வாங்கிய டோனி ரைஸ், அந்தப் பாணியைத் தன் அடையாளமாகக் கொண்டிருந்தார்; 2020ல் மறைந்தார்.

இந்த வேகத்தின் சூட்சுமம் எளிமையானது. தாளத்தின் மேல் விழும் சுரத்துக்குக் கை கீழ்நோக்கி, இடையில் வரும் சுரத்துக்கு மேல்நோக்கி. இந்த வரிசை குலையாமல் முதலில் மெதுவாக வாசித்து, மெட்ரோனோமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும். கையசைவு சிறிதாகச் சிறிதாக வேகம் தானே வரும். அவசரப்பட்டால் மெட்டு சிதறிவிடும்.

நடனமாடுபவர்களுக்குத் தேவை அதிவேகம் அல்ல, தவறாத தாளம். புளூகிராஸ் கிட்டாரின் வேகம் வளர்ந்தது அந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.