கடைசித் தவணைக்குப் பிறகு ஒரு பத்திரம்

துரைப்பாக்கம் கண்ணகி நகரையோ பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களையோ கடக்கும்போது, "கவர்மென்ட் சும்மா கொடுத்த வீடு" என்று நம்மவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜர் பார்த்தவனுக்கு அந்தச் 'சும்மா' கொஞ்சம் உறுத்துகிறது.

வீட்டு வசதி வாரியம் 1961-இல் வந்தது. அதற்கு முன் நகர மேம்பாட்டு டிரஸ்ட் இருந்தது. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் வாரியம் உருவாக்கியவை. ஊருக்கு வெளியே நிலத்தை மொத்தமாகக் கையகப்படுத்தி, மனையாகவும் வீடாகவும் பிரித்து, முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை மாதத் தவணையாக வசூலித்தார்கள். கடைசித் தவணை கட்டும்வரை சொத்து வாரியத்தின் பெயரில்தான். கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டும். அன்று வங்கிகள் வீட்டுக்கடன் என்றால் எட்டிப் பார்க்காது. எச்.டி.எஃப்.சி. தொடங்கியதே 1977-இல். கூட்டுறவு வீடு கட்டும் சங்கம், எல்.ஐ.சி., பி.எஃப்., இல்லாவிட்டால் மனைவியின் நகை. குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் சொந்த வீட்டுக்காரர்களானதில் அந்தத் தவணைக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பிளாக்கிலேயே அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது (2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது). குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டுவதுதான் ஆரம்பத் திட்டம். 1977-இல் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் வேறு வழியை முயன்றார்கள். சிறு மனையும் அடிப்படை வசதியும் தருவது, வீட்டை அவரவர் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்வது, பணத்தைத் தவணையில் அடைப்பது. எனக்குப் பிடித்த திட்டம் அதுதான்.

2000-க்குப் பிறகு காற்று மாறியது. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்த பெண்ணுக்கு வேலை அங்கே, வீடு இங்கே. கண்ணகி நகர்க்காரர்களுக்கும் மாதத் தவணை உண்டு. அண்ணா நகர்க்காரர் ஏறிய அதே படிதான். ஆனால் அவர் விண்ணப்பம் போட்டுப் போனார், இவர்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு பெரியவர் எங்கள் கிளைக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்கு வீட்டின் பேரில் கடன் வேண்டும். மஞ்சள் பையில் ஒரு ரசீதுகூடக் குறையாமல் அத்தனை வருடத் தவணையும் இருந்தது. "பத்திரம் எங்கே சார்?" என்று கேட்டேன். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து, அப்புறம் பார்க்கலாம் என்று விற்பனைப் பத்திரம் பதியாமலே விட்டிருக்கிறார். மேனேஜர் கையை விரித்துவிட்டார். ரசீதுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

நம்மிலும் வாரிய வீட்டைப் பெற்றோர் வழியாகப் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். விற்பனைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, இல்லை ஒதுக்கீட்டு ஆணையோடு நிற்கிறதா என்று பீரோவைத் திறந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை சங்க அறைக்குக் காகிதங்களோடு வாருங்கள். பத்து மணி முதல் அங்கேதான் இருப்பேன்.