ஒன்று அணைந்தால் எல்லாம் அணையும்

கிறிஸ்துமஸ் மரத்துக்கு மின்விளக்கு சூட்டும் வழக்கம் அமெரிக்காவில் தோன்றியது. 1882-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எடிசனின் மின்விளக்குக் கம்பெனியில் உபதலைவராயிருந்த எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்கிலிருந்த தம் இல்லத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக 80 சிறு பல்புகளை ஒரு மரத்தில் பொருத்தி, அம்மரத்தையே மெல்லச் சுழலவும் வைத்தார். அதுகாறும் கிளைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, எந்த நேரம் தீப்பற்றுமோ என்று வாளித் தண்ணீருடன் காவலிருந்தவர்களுக்கு அது பெரிய அதிசயமே. எனினும், 1890-களில் ஜனாதிபதி கிளீவ்லந்தின் வெள்ளை மாளிகை மரத்தில் மின்விளக்குகள் எரிந்த பிறகும்கூட, கம்பியிழுத்துப் பல்புகளை இணைக்க மின்வேலைக்காரரைக் கூலிக்கு அமர்த்தக்கூடிய தனவந்தர்களுக்கே அந்த வைபவம் சாத்தியமாயிற்று. 1903-இல் ஹோல்டர்களோடு கோத்த சரம் விற்பனைக்கு வந்தது. அதன் விலையான 12 டாலர், ஒரு தொழிலாளியின் ஏறத்தாழ ஒரு வாரக் கூலி.

சரம் மலிவாக வேண்டுமானால் சிக்கனமான உபாயம் ஒன்று தேவைப்பட்டது. சுவரில் வரும் மின்சாரமோ சுமார் 120 வோல்ட்டு. அதைத் தனியே தாங்கும் சின்னஞ்சிறு பல்பைச் செய்வது சிரமம். ஆகவே 15 வோல்ட்டுப் பல்புகள் எட்டை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் இணைத்து, முழு மின்னழுத்தத்தையும் அவற்றுக்குள் பங்கிட்டுவிட்டார்கள். நம் திருவிழாப் பந்தல்களில் தொங்கிய சீரியல் செட்டின் தத்துவமும் இதுவே. இந்த ஏற்பாட்டில் லாபம் உற்பத்தியாளருக்கு, தொல்லை வீட்டுக்காரருக்கு: ஒரு பல்பின் இழை அறுந்தாலும் எட்டும் இருண்டுவிடும், குற்றவாளி எதுவென்று பார்வைக்குத் தெரியாது.

பரணிலிருந்து சரத்தை இறக்கிய குடும்பத்தலைவர், நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஹோல்டரிலும் உள்ளதைக் கழற்றி அதைத் திருகிப் பார்ப்பார். பழுதான இடம் வந்ததும் சரம் முழுவதும் எரியும். ஆனால் இரண்டு பல்புகள் ஒருங்கே பியூஸ் போயிருந்தால் இந்தப் பரீட்சை பயன்படாது. ஒன்றை மாற்றினாலும் மற்றொன்று பாதையை அடைத்துக்கொண்டிருக்கும். அப்போது நன்றாக எரியும் வேறொரு சரத்தில் ஒவ்வொரு பல்பையும் இட்டுச் சோதிப்பதைத் தவிர வழியில்லை. 1930-களில், ஒவ்வொரு பல்பும் தனித்தனியே 120 வோல்ட்டில் எரியும் சரங்கள் வந்து இத்துன்பத்தை ஒருவாறு நீக்கின. விலை மட்டும் கூடுதல்.

பின்னர் பிரசித்தி பெற்ற கடுகுப் பல்புச் சரங்கள் பழைய சிக்கனத்துக்கே திரும்பின. சுமார் இரண்டரை வோல்ட்டுப் பல்புகள் 50 ஒரே பாதையில் நிற்பதால், 100 பல்புச் சரம் பெரும்பாலும் இரு பகுதிகளாகவே அமைந்தது; பாதிச் சரம் மட்டும் இருளும் மர்மம் இதுதான். இந்தப் பல்பின் அடிப்பாகத்தை உற்று நோக்கினால், இழையைத் தாங்கும் இரு கம்பிகளையும் சுற்றி மயிரிழை போன்ற மற்றொரு கம்பி தென்படும். இழை அறுந்த கணமே அவ்விடத்தில் முழு மின்னழுத்தமும் திரண்டு, அக்கம்பியின் மேற்பூச்சைப் பிளந்துகொண்டு மின்சாரத்தை அதன் வழியே செலுத்திவிடும். சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆயினும் பல்பு ஹோல்டரில் தளர்ந்திருந்தாலோ, அடியில் மடித்துவிட்ட கம்பி விலகியிருந்தாலோ, துருப்பிடித்திருந்தாலோ அது உதவாது. ஆகையால் முதலில் ஒவ்வொரு பல்பையும் விரலால் அழுத்திப் பார்ப்பதும், பிளக்கின் சிறு மூடியைத் தள்ளி உள்ளிருக்கும் ஃபியூஸைக் கவனிப்பதும் உத்தமம்.

என் அபிப்பிராயத்தில் இந்த உபகாரக் கம்பி ஒரு வஞ்சகமும் செய்கிறது. பழைய சரம் தன் நோயை உடனே சொல்லிவிட்டது, புதியதோ மறைக்கிறது. ஐம்பதில் ஐந்து பல்புகள் செத்துக் கிடக்க மற்றவை எரிந்துகொண்டிருந்தால், அந்த ஐந்தின் பங்கையும் எஞ்சியவையே சுமக்க வேண்டும். பத்து சதவிகிதத்துக்குச் சற்றே மிகுந்த அந்தப் பாரத்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எனவே, இழைப் பல்புச் சரம் இன்னும் வைத்திருப்பவர்கள், சரம்தான் எரிகிறதே என்று வாளாவிராமல், அணைந்த பல்பை அன்றைக்கே, அதே வோல்ட்டுள்ள பல்பைக்கொண்டு, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு மாற்றிவிடுவார்களாக.